டாக் வாங்குமுன்: உள்ளேயே ஸ்ட்ரீமிங் வேண்டுமா, யூஎஸ்பி போதுமா?

நல்ல டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஏற்ற அனலாக் ஒலியாக்கும் பெட்டி) ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் சந்தை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பக்கம், முதுகில் யூஎஸ்பி, ஆப்டிகல், கோஆக்ஸியல் துளைகள் மட்டும் உள்ள எளிய பெட்டிகள். மறுபக்கம், அவற்றோடு லேன் போர்ட், வைஃபை ஆன்டெனா, முன்னால் ஒரு வண்ணத் திரை, கம்பெனியின் சொந்த ஆப் என்று எல்லாம் கொண்டவை. இரண்டாவதற்கு விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது, அது உங்களுக்குத் தேவையா என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டலை அனலாக் ஆக்கும் பகுதி பத்துப் பதினைந்து வருடம் அலுங்காமல் உழைக்கும். நெட்வொர்க் பகுதி அப்படியல்ல. அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்குரிய வேகத்தில் பழசாகும். ஆகவே இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வாங்குவது என்றால், நெட்வொர்க் செத்த பிறகும் அந்தப் பெட்டி வெறும் டாக்காக உங்களுக்குப் போதுமா என்று கேட்டுக்கொண்டுதான் வாங்க வேண்டும். ஒலித்தரம் பற்றிய சண்டையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

படி 1: பாட்டு எங்கிருந்து வருகிறது, ப்ளே அழுத்துவது யார்?

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: கடந்த ஒரு மாதம் எதில் பாட்டுக் கேட்டீர்கள்? ஹார்ட் டிஸ்க்கில் உள்ள, தரம் குறையாத ஃபிளாக் ஃபைல்களா, ஸ்பாட்டிஃபையா, ஆப்பிள் மியூசிக்கா, யூட்யூபில் கச்சேரி வீடியோவா? பதிலைப் பொறுத்து முடிவு அடியோடு மாறும்.

யூட்யூப், சினிமா, ஓடிடி என்றால் யோசிக்கவே வேண்டாம், யூஎஸ்பிதான். நெட்வொர்க் வழி ஒலி முதலில் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) சேர்ந்து, பிறகுதான் வெளியே வரும். பாடகர் வாய் மூடிய பிறகு குரல் வந்து சேரும். சில ஆப்கள் படத்தையும் தாமதப்படுத்திச் சமாளிக்கும், எல்லாம் அல்ல.

ஆப்பிள் மியூசிக் ஒரு தனிக் கதை. 2021 ஜூனிலிருந்து லாஸ்லெஸ் (தரம் குறையாத ஒலி) தருகிறார்கள், 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆனால் ஐஃபோனிலிருந்து ஏர்ப்ளே (ஆப்பிளின் வைஃபை வழி) மூலம் ஒரு நெட்வொர்க் டாக்குக்கு அனுப்பினால் சிடி தரத்தை, அதாவது 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது. சந்தாவில் சொன்ன ஹை-ரெஸ் (சிடிக்கு மேலான தரம்) முழுதாக வேண்டுமென்றால் ஐஃபோனையோ மேக்கையோ யூஎஸ்பியில் டாக்கோடு இணைத்தாக வேண்டும். விலை உயர்ந்த ஸ்ட்ரீமிங் டாக்கை வாங்கிவிட்டு, உள்ளங்கை அளவு யூஎஸ்பி டாங்கிள் தருவதை விடக் குறைந்த தரத்தில் கேட்பவர்கள் உண்டு.

ஸ்பாட்டிஃபை கனெக்ட் இதற்கு நேர்மாறு. மொபைல் வெறும் ரிமோட். பாட்டை டாக்கே நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஃபோன் வந்தாலும் பாட்டு நிற்காது, மொபைலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் பாட்டு ஓடும். டைடல், கோபஸ் ஆகியவற்றின் கனெக்ட் வசதிகளும் இப்படித்தான். ஆனால் இந்த இரண்டு சேவைகளும் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. பெட்டியின் மேல் அச்சடித்த பத்து லோகோவில் நமக்கு உதவுவது எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள்.

அடுத்தது, ப்ளே அழுத்துவது யார்? மேசையில் லேப்டாப் முன்னால் நீங்கள் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள் என்றால் நெட்வொர்க்கால் பெரிய ஆதாயம் இல்லை. கூடத்தில் உள்ள செட்டை அம்மா காலையில் சுப்ரபாதத்துக்கும், பிள்ளைகள் சாயங்காலம் தங்கள் பாட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றால், "லேப்டாப்பை ஆன் செய், கேபிளைச் செருகு, அவுட்புட்டை மாற்று" என்பது ஒரு வாரம்கூடத் தாங்காது. அங்கே நெட்வொர்க் வேண்டும்.

படி 2: யூஎஸ்பி கேபிளுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இன்றைய ஹை-ஃபை டாக்குகளில் ஏறக்குறைய எல்லாமே அசிங்க்ரனஸ் முறையில் வேலை செய்கின்றன. சாம்பிள்களை (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்களை) எந்த நேரத்தில் வெளியே விடுவது என்பதைத் தீர்மானிக்கும் கடிகாரம் டாக்கின் உள்ளேயே இருக்கிறது. "கொஞ்சம் கூட அனுப்பு, கொஞ்சம் குறைத்து அனுப்பு" என்று டாக் கம்ப்யூட்டருக்கு அவ்வப்போது தகவல் சொல்லும். ஹை-ஸ்பீடு யூஎஸ்பியில் ஒரு விநாடிக்கு 8,000 பாக்கெட்டுகள், 125 மைக்ரோ விநாடிக்கு ஒன்று. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 சாம்பிள். எட்டாயிரத்தால் வகுத்தால் 5.5125. அரைச் சாம்பிளை அனுப்ப முடியாதே! அதனால் ஒரு பாக்கெட்டில் ஐந்து, அடுத்ததில் ஆறு என்று மாறி மாறிப் போகும். டாக் அதைச் சின்ன பஃபரில் வாங்கி, தன் கடிகாரப்படி சீராக வெளியே விடும். கம்ப்யூட்டரின் கடிகாரத் தள்ளாட்டம் ஒலியைக் கெடுக்கிறது என்ற பழைய புகார், கம்ப்யூட்டரைப் பார்த்து டாக் ஓடிய அடாப்டிவ் யூஎஸ்பி காலத்தோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது.

யூஎஸ்பி ஆடியோவில் ஒரு பாக்கெட் கெட்டுப்போனால் மறுபடி அனுப்பும் ஏற்பாடு இல்லை. கெட்டது கெட்டதுதான், "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஒழுங்கான கேபிளில் இது அபூர்வம். தரநிலைப்படி ஹை-ஸ்பீடு யூஎஸ்பி கேபிள் 5 மீட்டரோடு நிற்க வேண்டும். அறையின் மறுகோடி வரை இழுக்க நினைத்தால் அங்கேதான் பிரச்சினை தொடங்கும். இரண்டு மீட்டருக்குள் என்றால் பிரின்டரோடு வந்த கேபிளே போதும். கேபிளுக்குப் பல்லாயிரம் செலவழிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. யூஎஸ்பி கேபிளில் டேட்டா மட்டும் போவதில்லை. கம்ப்யூட்டரின் கிரவுண்டும் 5 வோல்ட் சப்ளையும் கூடவே வருகின்றன. நம் ஊரில் பல லேப்டாப் சார்ஜர்கள் இரண்டு பின் கொண்டவை. சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடம்பை விரலால் தடவினால் ஒரு மெல்லிய சுணைப்பு தெரியுமே, அது சார்ஜருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் வழியே கசியும் மின்சாரம். வோல்ட்டேஜ் 230-இல் பாதிக்கு அருகில் இருக்கும், கரன்ட் மிக மிகக் குறைவு, ஆபத்தில்லை. ஆனால் அது யூஎஸ்பி கிரவுண்ட் வழியாக டாக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கும் பயணம் போனால் ஸ்பீக்கரில் கேட்கும்.

கேட்பதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம். தாழ்ந்த "உம்ம்" என்றால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், அது கிரவுண்ட் லூப் (கருவிகளின் கிரவுண்ட் பாதைகள் சேர்ந்து உண்டாகும் வளையம்) அல்லது இந்தக் கசிவு. மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை உருட்டும்போது கிறீச்சிட்டால் கம்ப்யூட்டர் உள் இரைச்சல். பாட்டு இல்லாதபோதும் மெலிதாக, மாறாத ஊசிச் சத்தம் கேட்டால் மேலே சொன்ன அந்த 8,000 பாக்கெட்டுகளின் அடிச்சுவடாக இருக்கலாம், 8 கிலோஹெர்ட்ஸில். சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மாயமானால் குற்றவாளி டாக் அல்ல.

தீர்வு தேடி யூஎஸ்பி ஐசொலேட்டர் (கம்ப்யூட்டரின் கிரவுண்டை டாக்கிலிருந்து பிரிக்கும் கருவி) வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பலவற்றில் ஏடியூஎம்4160 சிப்தான் இருக்கும். அது 12 மெகாபிட் ஃபுல்-ஸ்பீடு வரைதான், பெயர் எப்படியிருந்தாலும் ஹை-ஸ்பீடை விட அது மெதுவானது. ஹை-ஸ்பீடு கேட்கும் டாக் அதன் வழியே ஒன்று வேலையே செய்யாது, அல்லது 96 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும். கம்ப்யூட்டரில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அதுவே எளிய வழி, ஒளியில் கிரவுண்ட் ஏறாது. எக்காரணம் கொண்டும் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றி "ஹம்"மை நிறுத்தாதீர்கள். சத்தம் நிற்கும், ஷாக்கிலிருந்து காக்கும் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும்.

படி 3: லேன் வழியே வரும்போது என்ன மாறுகிறது

நெட்வொர்க்கில் பாட்டு ஒரு ஃபைலைப் போல வருகிறது. டிசிபி முறையில் தொலைந்த பாக்கெட் மறுபடி கேட்டு வாங்கப்படும். பல விநாடிக்கான இசை முன்கூட்டியே டாக்கின் நினைவகத்தில் சேர்ந்திருக்கும். ஸ்பாட்டிஃபை ஓடும்போது லேன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், கொஞ்ச நேரம் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கேபிளில் ஓடுவதை ரவுட்டரோ சுவிட்சோ "இனிமையாக்க" முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. ஆடியோஃபைல் லேன் கேபிள் விற்பவர்களிடம் இதைச் செய்து காட்டச் சொல்லலாம்.

சாதாரண ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன, 1,500 வோல்ட் தாங்கும்படி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கத் தரநிலை சொல்கிறது. ஆகவே ஷீல்டு இல்லாத கேபிளில் கம்ப்யூட்டரின் கிரவுண்ட் டாக்குக்கு வராது. வைஃபையில் கம்பியே இல்லை. போன படியில் சொன்ன லேப்டாப் சார்ஜர் கதை இங்கே நடக்காது. நெட்வொர்க் டாக் "சுத்தமாக" ஒலிக்கிறது என்று சொல்பவர்களில் ஒரு பங்கினர் உண்மையில் கேட்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

வேகம் ஒரு பிரச்சினையே இல்லை. சிடி தரம் விநாடிக்கு 1.4 மெகாபிட். 24/192 ஸ்டீரியோ 9.2 மெகாபிட். டிஎஸ்டி256 என்ற ஹை-ரெஸ் வடிவத்துக்குப் போனால்கூட 22.6 மெகாபிட். பழைய 100 மெகாபிட் லேன் போர்ட்டே தாராளம். ஜிகாபிட் போர்ட் இருப்பதை ஒலித்தரக் காரணமாக விளம்பரம் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கோளாறுகள் வேறு விதமாக வரும். ஆப்பில் டாக் தெரியவில்லை என்பதுதான் முதல் புகார். மொபைல் 5 கிகாஹெர்ட்ஸிலும் டாக் 2.4-இலும் இருப்பதாலேயே இது நடப்பதில்லை. இரண்டும் ஒரே நெட்வொர்க் என்றால் தெரிய வேண்டும். டாக்கைக் கெஸ்ட் வைஃபையில் போட்டிருந்தால், அல்லது ரவுட்டரில் ஐசொலேஷன் (கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத செட்டிங்) ஆன் ஆகியிருந்தால் தெரியாது. கரன்ட் போய் வந்ததும் ரவுட்டரை விட டாக் முந்திக்கொண்டு ஆன் ஆகி, முகவரி கிடைக்காமல் முழிப்பதும் உண்டு. ரவுட்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் போட்டிருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி பாதியாகும்.

இன்னொன்று, கர்நாடக இசை கேட்பவர்களுக்கு முக்கியமானது: இடைவெளி இல்லாத ப்ளேபேக். கச்சேரி சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், தானம் அடுத்தது, பல்லவி அதற்கடுத்தது என்று வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்திலும் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். யூபிஎன்பி என்ற, வீட்டு நெட்வொர்க்கில் பாட்டைக் கருவிக்கு அனுப்பும் பொது முறையில் "அடுத்த டிராக் இது" என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை டாக்கும் ஆப்பும் இரண்டுமே ஆதரிக்காவிட்டால், அந்த இடத்தில் தம்புரா அறுந்து ஒரு மௌனம் விழும். விவரக்குறிப்பில் கேப்லெஸ் என்று எழுதியிருப்பதை நம்பாமல், உங்கள் பென்டிரைவில் அப்படி ஒரு ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

படி 4: எது நன்றாக ஒலிக்கும்?

ஒழுங்காக வடிவமைத்த டாக்கில், அதே ஃபைல், அதே பிட்டுகள் போய்ச் சேர்ந்தால், இரண்டும் ஒன்றே. கடிகாரம் இரண்டு வழியிலும் டாக்குக்குள்ளேயே இருக்கிறது. கேட்கும்படியான வித்தியாசம் வந்தால் மூன்று காரணம்: யூஎஸ்பி கிரவுண்டில் ஏறிய இரைச்சல், கம்ப்யூட்டர் இடையில் செய்யும் மாற்றம், அல்லது இரண்டு வழியிலும் வால்யூம் சமமாக இல்லாமை. கடைசியது ஆளை நன்றாக ஏமாற்றும். ஒரு டெசிபல் கூடினாலே "விரிவு", "உயிர்" என்றெல்லாம் தோன்றும். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள்.

படி 5: இந்தப் பெட்டி எத்தனை வருடம் ஓடும்?

ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி 2007-இல் கிளைமாக்ஸ் டிஎஸ் என்ற நெட்வொர்க் ப்ளேயரை வெளியிட்டது, 2009-இல் சிடி ப்ளேயர் செய்வதையே நிறுத்துவதாக அறிவித்தது. அன்றிலிருந்து "இனி எல்லாம் நெட்வொர்க்" என்ற பேச்சு ஹை-ஃபை உலகில் ஓயவில்லை. பேச்சு சரிதான். ஆனால் அந்த நெட்வொர்க்கின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தது பெட்டியின் ஆயுள்.

வயர்லெஸ் ஸ்பீக்கர் கம்பெனியான சோனோஸ் 2020 மேயில் தன் பழைய தலைமுறைக் கருவிகளுக்கு அப்டேட் தருவதை நிறுத்தியது. 2024 மேயில் அதே கம்பெனி ஆப்பை முழுக்க மாற்றி எழுதி வெளியிட்டபோது, அதுவரை இருந்த பல வசதிகள் காணாமல்போயின. வாடிக்கையாளர் கொந்தளிப்பு ஓயாமல் 2025 ஜனவரியில் தலைமை அதிகாரி பதவி விலகினார். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்தது, 2019-இல் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதால் உலகம் முழுக்க அந்தக் குட்டிக் கருவிகள் ஒரே நாளில் மூச்சுவிட மறந்தன. கூகுள் சில நாட்களில் சரிசெய்தது. ஆனால் வீட்டில் உள்ள ஹார்ட்வேரில் ஒரு குறையும் இல்லாமலே அது செத்துப்போகலாம் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

உள்ளே பதித்த டீகோடர்களுக்கும் இதே விதி. எம்க்யூஏ என்ற ஒலிச் சுருக்க முறைக்காகவே பல டாக்குகளைக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். 2023 ஏப்ரலில் எம்க்யூஏ கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2024 ஜூலையில் டைடல் எம்க்யூஏவைக் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறியது. முன்பக்கத்தில் அதற்கென்று வைத்த விளக்கு இன்று சும்மா இருக்கிறது.

இதற்கு மாறாக ஸ்க்வீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் ப்ளேயரைச் சொல்ல வேண்டும். ஸ்லிம் டிவைசஸ் தொடங்கி, 2006-இல் லாஜிடெக் வாங்கி, 2012-இல் நிறுத்தியது. இணைய சேவையையும் 2024-இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதன் சர்வர் மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். லிரியான் என்ற புதுப் பெயரில் ஆர்வலர்கள் அதை இன்றும் நடத்துகிறார்கள், பழைய பெட்டிகளும் பாடுகின்றன. கம்பெனி போனாலும் கருவி பிழைத்தது. ஆகவே உள்ளேயே ஸ்ட்ரீமிங் உள்ள டாக் வாங்குவதானால், சொந்த ஆப் தவிர யூபிஎன்பி, ஓப்பன்ஹோம் போன்ற பொது வழி ஏதாவது அதில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, யூஎஸ்பி இன்புட் இருக்கிறதா என்றும். ஸ்ட்ரீமர் (நெட்வொர்க்கிலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி) என்று விற்கப்படும் சில பெட்டிகளில் பின்னால் உள்ள யூஎஸ்பி துளை பென்டிரைவுக்கு மட்டும். லேப்டாப்பைச் செருகினால் பேசாது. சதுரமான பி வகைத் துளையா, தட்டையான ஏ வகையா என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

என்ஏடி நிறுவனம் தன் சில ஆம்ப்ளிஃபையர்களில் நெட்வொர்க்கைக் கழற்றி மாட்டும் கார்டாகத் தருகிறது. பழசானால் கார்டை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணம் நல்லது. அந்த மாடலுக்குப் புதுக் கார்டு வந்துகொண்டிருக்கும் வரை.

படி 6: நடு வழி, பெரும்பாலோருக்கு நான் சொல்வது

நல்ல யூஎஸ்பி டாக் ஒன்று, அதற்கு முன்னால் தனியாக ஒரு மலிவான ஸ்ட்ரீமர். டாக் நிலையாக இருக்கும். ஸ்ட்ரீமர் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீமரில் இரண்டு வகை. ஒன்று, வீம் போன்ற ரெடிமேட் பெட்டிகள். வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. வீம் ப்ரோவில் ஆப்டிகல், கோஆக்ஸியல் அவுட் உண்டு. யூஎஸ்பி ஆடியோ அவுட் வேண்டுமென்றால் வீம் அல்ட்ராவுக்குப் போக வேண்டும், ஆனால் அல்ட்ராவில் ஏர்ப்ளே கிடையாது. ஐஃபோன் வீடு என்றால் இது சின்ன விஷயம் அல்ல. கோஆக்ஸியலே 24/192 வரை தரும், ஆப்டிகல் 24/96 வரை கவலையில்லாமல் போகும். டிஎஸ்டி ஃபைல் நிறைய வைத்திருப்பவர் தவிர மற்றவர்களுக்கு யூஎஸ்பி அவுட் இல்லாதது ஒரு குறையே அல்ல.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர். மூடே, வொலூமியோ, பைகோர்பிளேயர் என்ற இசை மென்பொருள்களில் ஒன்றை மெமரி கார்டில் எழுதிச் செருகினால் போதும். பை 3 வரை லேனும் யூஎஸ்பியும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொண்டன. 2019-இல் வந்த பை 4-இல் அவை பிரிந்துவிட்டன. சிடி தரத்துக்குப் பழைய பை கூடப் போதும், ஹை-ரெஸ் நூலகம் உள்ளவர் 4-லிருந்து தொடங்கலாம். இதில் டாக்குக்குப் போவது யூஎஸ்பிதான், ஆனால் லேப்டாப்பின் சார்ஜர் கசிவு, அப்டேட் அறிவிப்பு "டிங்" சத்தம், விசிறி எதுவும் கூட வராது. பைக்கு நல்ல பவர் சப்ளை போடுங்கள். பழைய மொபைல் சார்ஜரை மாட்டிவிட்டு "நடுவில் நின்றுபோகிறது" என்று புலம்புபவர்கள் ஏராளம்.

எப்போது ஒரே பெட்டி சரி? கூடத்தில் கம்பிகள் குறைவாக இருக்க வேண்டும், வீட்டில் யாரும் மெமரி கார்டில் எதையும் எழுதப்போவதில்லை, ரிமோட்டில் ஒரே பட்டனில் எல்லாம் நடக்க வேண்டும் என்றால் உள்ளேயே ஸ்ட்ரீமிங் வாங்குங்கள், கூச்சமே வேண்டாம். பழுதென்றால் ஒரே கம்பெனியைக் கேட்கலாம் என்பதும் ஒரு நிம்மதி. எப்போது வெறும் யூஎஸ்பி? மேசை, லேப்டாப், ஹெட்ஃபோன், வீடியோ.

படி 7: யூஎஸ்பி என்று முடிவானால் செட்டிங்

விண்டோஸ் 10-க்கு 2017-இல் வந்த 1703 அப்டேட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ 2 டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கம்பெனி டிரைவர் ஏஎஸ்ஐஓ (இசை மென்பொருள் டாக்கோடு நேராகப் பேசும் வழி) வேண்டுபவர்களுக்கு மட்டும். கவனிக்க வேண்டியது, விண்டோஸ் எல்லா ஒலியையும் கலந்து ஒரே சாம்பிள் ரேட்டுக்கு மாற்றித்தான் அனுப்பும். சவுண்ட் செட்டிங்கில் 48 என்றிருந்தால் உங்கள் 44.1 சிடி ஃபைலும் 48 ஆகும். காதால் கண்டுபிடிப்பது கடினம், ஆனாலும் தேவையில்லாத வேலை. ஃபூபார்2000 போன்ற ப்ளேயரில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் தேர்ந்தெடுத்தால் ஃபைல் உள்ளபடியே போகும். ஒலியைத் திருத்த ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் எச்சரிக்கை: எக்ஸ்க்ளூசிவ் வழியில் அது தாண்டிப் போய்விடும், திருத்தம் எதுவும் வேலை செய்யாது.

மேக்கில் டிரைவர் வேண்டாம். ஆனால் ஆப்பிள் மியூசிக் ஒவ்வொரு பாட்டுக்கும் ரேட்டைத் தானாக மாற்றாது. ஆடியோ மிடி செட்டப் என்ற ஆப்பைத் திறந்து நீங்கள்தான் வைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஐஃபோன் இதைத் தானே செய்துவிடும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் எல்லாம் 48-க்கு மாறித்தான் வெளியே வரும். சொந்த ஃபைல் என்றால் யூஎஸ்பி ஆடியோ ப்ளேயர் ப்ரோ என்ற காசு கொடுத்து வாங்கும் ஆப் தன் சொந்த டிரைவரோடு இதைத் தாண்டிச் செல்கிறது.

டாக்கின் திரையிலோ விளக்கிலோ ரேட் தெரிந்தால் அதுவே உங்கள் சாட்சி. 44.1 ஃபைல் ஓடும்போது 48 காட்டினால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள்.

படி 8: நெட்வொர்க் என்று முடிவானால்

முடிந்தால் வயர் இழுங்கள். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், ஷீல்டு இல்லாத கேட்6 போதும். நம் வீட்டுக் கான்கிரீட் சுவர்கள் 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே விழுங்கும். வயர் முடியாதென்றால் ரவுட்டர் இருக்கும் அறையை யோசியுங்கள், அல்லது மெஷ் யூனிட் ஒன்றை டாக்கின் பக்கத்தில் வைத்து அதிலிருந்து குட்டிக் கேபிள் போடுங்கள். ரவுட்டர் செட்டிங்கில் டாக்குக்கு நிரந்தர முகவரி ஒதுக்குங்கள். ஐந்து நிமிட வேலை, "டாக்கைக் காணோம்" புகாரில் பாதி இதிலேயே தீரும்.

சொந்த ஃபைல்களுக்கு என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. பல ரவுட்டர்களில் யூஎஸ்பி துளையும், ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் டிஎல்என்ஏ சர்வரும் இருக்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் நூலகம் ரெடி. மொபைலில் பபிள்யூபிஎன்பி போன்ற ஆப். வெறும் யூபிஎன்பியில் பாட்டு வரிசை மொபைலில்தான் இருக்கும், மொபைல் ஆஃப் ஆனால் ஓடும் பாட்டோடு நின்றுவிடும். ஓப்பன்ஹோம் முறையில் வரிசை டாக்கிலேயே தங்கும். தமிழில் டேக் எழுதியிருப்பவர்கள் திரையையும் சோதியுங்கள். சில கருவிகளின் சின்னத் திரையில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், அல்லது வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பவர் ஆம்ப்பில் நேராக இணைப்பவர்கள் முதல் பாட்டுக்கு முன் ஒன்றைப் பாருங்கள்: டாக்கின் அவுட்புட் ஃபிக்ஸட் என்று வைத்திருந்தால் முழு வால்யூமில் வரும். வேரியபிளுக்கு மாற்றி, வால்யூமை அடியில் வைத்து ஆரம்பியுங்கள். ஸ்பீக்கர் தப்பும்.

படி 9: காசு கொடுக்கும் முன் கடையில்

விற்பனையாளரிடம் டெமோ கேட்டால் அவர் தன் மொபைலில் ஒரு ஆடியோஃபைல் பாட்டை ஸ்ட்ரீம் செய்வார். அது போதாது. உங்கள் மொபைலில், உங்கள் சந்தாவில், உங்கள் ஆப்பிலிருந்து இணைத்துப் பாருங்கள். பாட்டு ஓடும்போது மொபைலை ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். பாட்டு தொடர்ந்தால் டாக் தானே இழுக்கிறது, நின்றால் மொபைல் ஊற்றுகிறது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டு, நெட்வொர்க்கில் வர எத்தனை நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ப்ளே ஸ்டோரில் அந்தக் கம்பெனி ஆப்பின் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஸ்ட்ரீமிங் வசதிக்கு மதிப்புப் போடாமல், அதே கம்பெனியின் வெறும் டாக் என்ன விலை என்று கேளுங்கள். கடைசியாக லேப்டாப்பை யூஎஸ்பியில் செருகி, சார்ஜர் போட்டும் போடாமலும், பாட்டு இல்லாமல் ஆம்ப் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி ஸ்பீக்கரில் காது வைத்துப் பாருங்கள்.